மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவரின் முன்கையில் நோகாத கட்டி: தோலடிக் கரும்பங்கசுத் தொற்று பற்றிய நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் நோயாளி தனியொரு ஆள் அல்லர். நிர்ப்பீடனத்தை (உடலின் நோயெதிர்ப்புச் சக்தியை) அடக்கும் மருந்துகள் எடுப்பவர்களிடம் தோலடிக் கரும்பங்கசுத் தொற்று, அதாவது கபில நிறப் பூஞ்சணம் தோலுக்கடியில் தரும் நோய், எப்படித் தலைகாட்டும், எந்த இடத்தில் கண்ணுக்குத் தப்பும், மருந்து தொடங்கியபின் எங்கே ஆபத்து வரும் என்பவற்றைக் கோத்துக் கற்பித்தலுக்காக அமைத்த நிகழ்வு இது. தரப்படும் அளவுகளும் நாட்களும் நடைமுறையில் எதிர்பார்க்கக்கூடியவை. வெளிநோயாளர் பிரிவிலும் ஆய்வுகூடத்திலும் மருந்து கொடுக்கும் யன்னலிலும் நிற்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது.

வந்த வருத்தம்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்கிற 54 வயது ஆண். சிறுநீரகம் மாற்றி 26 மாதம். நிர்ப்பீடனத்தை அடக்க டக்ரோலிமஸ் 3 மில்லிகிராம் காலையும் இரவும், மைக்கோபினோலேற் 1 கிராம் இரு வேளை, பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராம். மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு சீனி வருத்தமும் சேர்ந்துகொண்டது, மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 8.4 சதவீதம். அதற்கு இன்சுலின். இவற்றோடு பிரஷருக்கு அம்லோடிப்பின் 10, கொலஸ்ரரோலுக்கு அற்றோவஸ்ற்றற்றின் 20, வயிற்று அமிலத்தைக் குறைக்க ஒமெப்பிரசோல் 20 மில்லிகிராம். இந்தக் கடைசி மூன்று குளிசைகளையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; டக்ரோலிமஸோடு சேர்ந்து சிகிச்சையில் சிக்கல் தருவன அவை.

வலது முன்கையின் புறப்பக்கத்தில், மணிக்கட்டிலிருந்து நான்கு விரற்கடை மேலே, ஐந்து மாதமாக ஒரு கட்டி. முதலில் கடலை அளவு. நோவில்லை, காய்ச்சலில்லை, நிறை குறையவில்லை. மூன்றாம் மாதத்தில் ஓரிடத்தில் அதைச் சீழ்க்கட்டியென்று கீறியிருக்கிறார்கள். கபில நிறத்தில் தடித்த சீழ் வந்தது. பஞ்சுக்குச்சியில் தொட்டு அனுப்பியதில் பற்றீரியா எதுவும் வளரவில்லை. குளொக்சசிலின் ஒரு வாரம், பிறகு கோ-அமொக்சிக்கிளாவ் பத்து நாள். காயம் மூடியது, ஆறு வாரத்தில் அதே இடத்தில் முன்னையதைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது.

காய்ச்சலும் நோவும் இல்லாத சீழ்க்கட்டி, பற்றீரியா வளராத சீழ், கீறியபின் திரும்பி வருதல் ஆகிய மூன்றும் நிர்ப்பீடனம் குன்றிய ஒருவரில் சேர்ந்து நின்றால், மூன்றாவது முறை அன்ரிபயோற்றிக் எழுதும் முன் பங்கசையும் காசநோய்க் குடும்பக் கிருமிகளையும் தேடியே ஆகவேண்டும்.

பரிசோதனை

கட்டி 3 சென்ரிமீற்றர் நீளம், 2.5 அகலம். வட்டம், இறுக்கம், அடித்தசையோடு ஒட்டாமல் அசைகிறது. மேற்தோல் சற்றுக் கருமை தட்டி, பழைய கீறலின் தழும்போடு ஒட்டியிருக்கிறது. சூடில்லை. முழங்கை, கமக்கட்டு நெறிகள் தடிக்கவில்லை. கையின் வழியே நிணநீர் நாளத்தை ஒட்டி வரிசையாக வேறு முடிச்சுகள் இல்லை. இருந்திருந்தால் ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பங்கசுத் தொற்றையும் நொகார்டியா என்ற பற்றீரியாவையும் முன்னுக்கு வைத்திருப்போம். மற்றக் கையில் இருக்கும் டயாலிசிஸ் பிஸ்ரியுலா (இரத்தச் சுத்திகரிப்புக்காக நாடியையும் நாளத்தையும் இணைத்த இடம்) நன்றாக இருக்கிறது. தலையிடி, வலிப்பு, இருமல் எதுவும் இல்லை.

தோட்டத்தில் ஏதாவது குத்தியதா என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலானோர் இல்லையென்றுதான் சொல்வார்கள். முள்ளுக் குத்துவது இங்கே யாரும் கணக்கில் எடுக்கிற விடயமல்ல. அதனால் வேலையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: "ஐயா, வேலி அடைக்கேக்கை கையில மட்டை, சிராய் ஏதும் ஏறினதோ?" இந்த நோயாளி அதற்கும் தலையாட்டவில்லை. பக்கத்தில் நின்ற மனைவிதான், "போன வருசம் கருக்கு மட்டை கிழிச்சது, ஊசியால கிளறி எடுத்தனாங்கள்" என்றார். பனைமட்டையின் இரு விளிம்பிலும் வாள்பல் போல நிற்கும் கருக்கு, தோலைக் கிழிப்பதோடு நில்லாமல் நாரையும் உள்ளே விட்டுவிடும். மழையும் வெயிலும் பட்டு உக்கிய மட்டையில் கரும்பங்கசுகள் குடியிருப்பது இயல்பு. குத்திய நாளுக்கும் கட்டி தெரியும் நாளுக்கும் இடையில் மாதங்களும் போகலாம், வருடங்களும் போகலாம். சம்பவம் நினைவில்லை என்பதற்காக இந்த நோயை விலக்கக் கூடாது.

எவற்றை யோசித்தோம்

அந்த இடத்தில் கட்டியென்றால் முதலில் நினைவுக்கு வருபவை மணிக்கட்டுக் கங்லியன் (மூட்டருகே வரும் திரவப் பை), கொழுப்புக் கட்டி, தோற்பை ஆகியவை. மாற்றுச் சிறுநீரகக்காரரில் யூரிக் அமிலப் படிவும் வரும். ஆனால் தொற்றுகளின் பட்டியல்தான் நீளமானது: காசநோய், வேகமாக வளரும் மைக்கோபற்றீரியாக்கள், நொகார்டியா, கிரிப்டோகொக்கஸ் என்ற ஈஸ்ட் வகைப் பங்கசு. இலங்கைக்கென்று இரண்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒன்று மெலியோய்டோசிஸ். மண்ணிலும் நீரிலும் வாழும் பேர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற பற்றீரியா தருவது. சீனி வருத்தமுள்ள விவசாயியில் சீழ்க்கட்டியென்றால் அதை மறந்துவிடக் கூடாது. மற்றது மணல் ஈயால் பரவும் தோல் லீஷ்மானியாசிஸ். அது பெரும்பாலும் தோலின் மேற்பரப்பில் பருவாகத் தொடங்கி நடுவில் புண்ணாகும். தோலுக்கடியில் அசையும் பையாக இராது.

மியூக்கர் வகைப் பங்கசுகள் தரும் மியூக்கர்மைக்கோசிஸ் இந்தப் பட்டியலில் இல்லை. அது வேறு வேகத்தில் நடப்பது. சீனி கட்டுப்படாத ஒருவரில், ஸ்ரெரொயிட் எடுப்பவரில், காயத்தைச் சுற்றி ஒரு நாளுக்குள் தோல் ஊதாவாகிக் கறுத்துச் செத்தால் கிளினிக் திகதி கொடுத்து அனுப்பக் கூடாது. அன்றே சத்திரசிகிச்சை அறையும், கிலோவுக்கு 5 மில்லிகிராம் அளவில் லைப்போசோமல் அம்போற்றெரிசின் என்ற பங்கசு மருந்தும் தேவை. இந்த நோயாளியின் கட்டி மாதக்கணக்காக அமைதியாக இருந்ததே நமக்கு ஒழுங்காகத் திட்டமிட நேரம் தந்தது.

ஸ்கானும் ஊசியும்

எக்ஸ்றேயில் எலும்பு சரி, வேறெதுவும் தெரியவில்லை. மரச்சிராயும் ஓலைநாரும் எக்ஸ்றேயில் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்ட்தான் உதவும். தடித்த சுவருள்ள பை, உள்ளே கலங்கிய திரவம், அதன் அடியில் 7 மில்லிமீற்றர் நீளத்தில் பளிச்சென்ற கோடு, கோட்டின் பின்னால் நிழல் என்று காட்டியது. ஸ்கான் செய்பவருக்கு "கட்டி" என்று மட்டும் எழுதாமல் "மட்டை குத்திய வரலாறு, உள்ளே சிராய் உண்டா" என்று எழுதிக் கேட்டால் இந்தக் கோட்டைத் தேடிப் பார்ப்பார்.

அடுத்தது 18 கேஜ் ஊசியால் உறிஞ்சியது. மெல்லிய ஊசியில் இந்தச் சீழ் ஏறாது. 2 மில்லிலீற்றர் கிடைத்தது. ஊசியைக் கழற்றி, சிரிஞ்சுக்கு மூடியிட்டு, நேரே ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். பஞ்சுக்குச்சி இந்த வேலைக்கு உதவாது: பங்கசு பையின் சுவரிலும் சீழின் கட்டிகளிலும்தான் இருக்கும், பஞ்சில் ஒட்டுவது மிகச் சொற்பம், ஒட்டியதும் பஞ்சிலேயே காய்ந்துபோகும்.

ஆய்வுகூடத்தில் சீழின் கட்டியான பகுதியைத் தேர்ந்து, கண்ணாடித் தட்டில் 20 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டு ஒரு துளி விட்டு, மூடுவில்லை வைத்து 20 நிமிடம் ஈரப்பெட்டியில் விட்டார்கள். நுணுக்குக்காட்டியில் ஒளியைக் குறைத்துப் பார்த்தபோது, சாயம் எதுவும் இல்லாமலே தேத்தண்ணி நிறத்தில் இழைகள்: குறுக்குச் சுவருள்ளவை, சில இடங்களில் மணிமாலை போல ஊதியவை, அருகில் ஈஸ்ட் போன்ற வட்டக் கலங்கள். அந்தக் கபில நிறம் மெலனின். அந்த நிறத்தைக் கண்டதும் நோயின் குடும்பம் தெரிந்துவிட்டது: பியோஹைபோமைக்கோசிஸ், அதாவது கரும்பங்கசுத் தொற்று. உறிஞ்சிய அன்று மத்தியானமே இந்த விடை கிடைத்தது.

கட்டியை எடுத்தது

தனியொரு பையாக இருக்கும்போது முழுதாக எடுத்துவிடுவதே சிகிச்சையின் பெரும் பங்கு. மருந்து மட்டும் கொடுத்தால் தடித்த நார்ச்சுவரைத் தாண்டி உள்ளே போதிய அளவு போகாது. உள்ளே கிடக்கும் சிராயையும் மருந்து கரைக்காது. 1 சதவீத லிக்னோகேயினைச் சுற்றிவரப் போட்டு, பழைய தழும்பையும் சேர்த்து நீள்வட்டமாகத் தோலை வெட்டி, பையை உடைக்காமல் சுற்றிப் பிரித்தெடுக்க வேண்டும். முன்னர் கீறிய இடத்தில் ஒட்டல் இருக்கும்; பை கிழிவது அங்கேதான். கிழிந்தால் சீழை உறிஞ்சி, சேலைனால் நன்றாகக் கழுவி, அந்த ஓரத்தை இன்னும் சில மில்லிமீற்றர் அகட்டி எடுக்க வேண்டும்.

எடுத்த பையைக் கிருமிநீக்கிய தட்டில் வைத்து அங்கேயே இரண்டாகப் பிளந்தார்கள். சொக்கலேற் நிறச் சீழின் நடுவே ஒரு தீக்குச்சித் தடிப்பில் கறுத்த நார்த்துண்டு. ஒரு பாதி போமலினில், திசுவின் பத்து மடங்கு அளவு ஊற்றி, நோயியல் பிரிவுக்கு. மறுபாதியும் நார்த்துண்டும் சில மில்லிலீற்றர் கிருமிநீக்கிய சேலைனில் நுண்ணுயிரியலுக்கு. சத்திரசிகிச்சை அறையில் பழக்கத்தில் முழுத்துண்டையும் போமலினில் போட்டுவிடுவார்கள். போட்டால் அதற்குப் பிறகு எதுவும் வளராது. எந்தப் பங்கசு என்ற கேள்விக்கு விடையே கிடைக்காது. ஆகவே இரண்டு போத்தல்களையும் பெயர் எழுதி, நோயாளி மேசையில் ஏறும் முன்பே தாதியின் கையில் கொடுத்துவிட வேண்டும்.

நுண்ணுயிரியல் படிவத்தில் "பங்கசு, காசநோய்க் கிருமி, நொகார்டியா, மெலியோய்டோசிஸ், சிறுநீரக மாற்று" என்று எழுதப்பட்டது. இது சம்பிரதாயத்துக்கு எழுதுவதல்ல. நொகார்டியாவுக்குத் தட்டை நீண்ட நாள் வைத்திருக்க வேண்டும். மெலியோய்டோசிஸ் சந்தேகமென்றால் ஆய்வுகூடத்தார் பாதுகாப்புப் பெட்டிக்குள் வேலை செய்ய வேண்டும். திசுவை உரலில் இடித்து மாவாக்காமல் சிறு துண்டுகளாக நறுக்கச் சொல்வதும் ஒரு காரணத்துக்காகத்தான்: மியூக்கர் வகை இழைகள் இடித்தால் உடைந்து செத்துவிடும்.

பங்கசை வளர்க்கும் சபூரோ ஊடகம் இரண்டு விதமாகப் போடப்பட்டது. பற்றீரியாவை அடக்கும் குளோரம்பெனிகோல் மட்டும் சேர்த்தது ஒன்று, சைக்ளோஹெக்சிமைட்டும் சேர்த்தது மற்றொன்று. இரண்டாவது தூசியில் வரும் மாசுப் பங்கசுகளை அடக்கும். ஆனால் கிரிப்டோகொக்கஸையும் மியூக்கரையும்கூட அடக்கிவிடும் என்பதால் தனியே அதை மட்டும் நம்ப முடியாது. 28 பாகை செல்சியஸிலும் 37 பாகையிலும் நான்கு வாரம். தட்டுகளைவிடத் திருகுமூடிப் போத்தலில் சரிவாக உறைய வைத்த ஊடகம் நல்லது. அதிக நாள் காயாது, சோளகக் காற்றுக் காலத்துத் தூசியும் உள்ளே போகாது.

எட்டாம் நாள் கறுத்த, ஈரமான, பளபளப்பான சிறு புள்ளிகள். மூன்றாம் வாரத்தில் அவை ஒலிவ் கலந்த சாம்பல் நிற வெல்வெற் போலானபோது அடிப்பக்கம் முழுக் கறுப்பு. நுணுக்குக்காட்டியில் நுனி குறுகிய வித்துக்காவிகளும் அவற்றின் முனையில் திரண்ட வித்துகளும். எக்சோபியாலா இனம். 40 பாகையில் வளரவில்லை, நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. இவை எக்சோபியாலா டெர்மற்றிற்றிடிஸை விலக்கி ஜீன்செல்மை கூட்டத்தைச் சுட்டின. அந்தக் கூட்டத்துக்குள் சரியான பெயரைச் சொல்ல டி.என்.ஏ. வரிசையில், பங்கசு இனங்களைப் பிரித்தறிய உதவும் ஐ.டி.எஸ். பகுதியை வாசிக்க வேண்டும். அதற்கு மாதிரியை உசாத்துணை ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். ஆனால் அந்த முடிவுக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

கறுப்புப் பூஞ்சணம் வளர்ந்தது என்ற அறிக்கை மட்டும் நோயை நிறுவாது. கிளடோஸ்போரியமும் ஓல்ரநேரியாவும் எந்த அறையின் காற்றிலும் உண்டு. திசுவுக்குள் இழைகள் இருப்பதைக் கண்டால்தான் வளர்ந்தது நோய்க்காரணி என்று சொல்லலாம். நோயியல் அறிக்கை அதை உறுதிசெய்தது: நார்ச்சுவர், அதனுள் கிரனுலோமா (அழற்சிக் கலங்களின் திரள்), பல கருக்கொண்ட பெருங்கலங்கள், நடுவில் சீழும் அழிந்த திசுவும், 2 முதல் 6 மைக்ரோமீற்றர் அகலக் கபில இழைகள். மெலனின் குறைவாக இருந்தால் வழமையான சாயத்தில் நிறம் தெரியாது; அப்போது பொன்ரானா-மாசன் சாயம் கேட்க வேண்டும். பங்கசைத் தேடப் போடும் வெள்ளிச் சாயம் இழைகளைத் துலக்கும், ஆனால் எல்லாவற்றையும் கறுப்பாக்கி இயற்கை நிறத்தை மறைத்துவிடும். தடித்த சுவருள்ள, குறுக்கும் நெடுக்குமாகப் பிரிந்த வட்டக் கலங்கள் இருந்திருந்தால் அது குரோமோபிளாஸ்ரோமைக்கோசிஸ். இழைகள் இறுகத் திரண்ட குருணை போன்ற மணிகள் இருந்திருந்தால் மைசெற்றோமா. இரண்டும் இங்கே இல்லை.

நெஞ்சு எக்ஸ்றே சரி. கிரிப்டோகொக்கஸ் அன்ரிஜன் இல்லை. மூளை ஸ்கான் எடுக்கவில்லை. தலையிடியோ நரம்புக் குறியோ இருந்தாலும், மூளையை நாடும் கிளடோபியலோபோரா பன்ரியானா போன்ற பங்கசு வளர்ந்தாலும் எடுத்திருக்க வேண்டும்.

மருந்து: சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொண்டு கொடுப்பது

முழுதாக எடுத்தபின்னும், நிர்ப்பீடனம் அடக்கப்பட்டவரில் இட்ராகோனசோல் என்ற பங்கசு மருந்தை மூன்று முதல் ஆறு மாதம் கொடுப்பது வழக்கம். அதே குடும்பத்துப் புளூக்கொனசோல் கைக்கெட்டியது, மலிவானது, ஆனால் எக்சோபியாலாவில் நம்பத்தக்கதல்ல. இட்ராகோனசோல் 200 மில்லிகிராம் மூன்று வேளையாக மூன்று நாள், பிறகு 200 இரு வேளை.

முதற் கப்சியூலைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை பல. இட்ராகோனசோல், ஈரலிலும் குடற்சுவரிலும் உள்ள சைப் 3ஏ4 என்ற நொதியத்தை அடக்கும். டக்ரோலிமஸை உடைப்பது அதே நொதியம்தான். பழைய அளவையே தொடர்ந்தால் இரத்தத்தில் டக்ரோலிமஸ் இரண்டு மூன்று மடங்காகி, கைநடுக்கமும் பொட்டாசியம் ஏற்றமும் வந்து, மாற்றுச் சிறுநீரகமே பழுதாகும். இந்த நோய் ஆளைக் கொல்வது அரிது. சிகிச்சையைக் கவனமில்லாமல் தொடங்கினால் சிறுநீரகம் போவது அரிதல்ல.

ஆகவே சிறுநீரகப் பிரிவோடு பேசி, இட்ராகோனசோல் தொடங்கிய அன்றே டக்ரோலிமஸ் 3 மில்லிகிராமிலிருந்து 1.5 ஆக்கப்பட்டது. தொடங்கும் முன் இரத்தத்தில் டக்ரோலிமஸ் மில்லிலீற்றருக்கு 6.5 நனோகிராம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியற்றினின் லீற்றருக்கு 118 மைக்ரோமோல். நான்காம் நாள் 8.9. எட்டாம் நாள் 12.8, கிரியற்றினின் 141. அன்று டக்ரோலிமஸ் 1 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. பதினைந்தாம் நாள் 7.1, கிரியற்றினின் 121. நான்காம் நாள் முடிவைப் பார்த்து நிம்மதியடைந்து அடுத்த மாதம் வரச் சொல்லியிருந்தால் எட்டாம் நாள் ஏற்றம் தெரிந்திருக்காது. இட்ராகோனசோல் உடலில் நிறைவது மெதுவாக, ஏறத்தாழ இரண்டு வாரத்தில். அதுவரை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை காலைக் குளிசைக்கு முன் இரத்தம் எடுக்க வேண்டும்.

ஒமெப்பிரசோல் நிறுத்தப்பட்டது. இட்ராகோனசோல் கப்சியூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கிவிட்டு எத்தனை மாதம் கொடுத்தாலும் போதிய அளவு சேராது. கப்சியூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே எடுக்க வேண்டும். நெஞ்செரிவுக்கு அமில நீக்கிப் பாணி தேவைப்பட்டால் கப்சியூல் எடுத்து 2 மணித்தியாலம் கழித்து. பாணி வடிவ இட்ராகோனசோலுக்கு இது தலைகீழ்: வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். பாமசியில் வடிவம் மாறினால் அறிவுரையும் மாற வேண்டும்; அந்த இடத்தில்தான் அடிக்கடி தவறுகிறது. கம்பனிக்குக் கம்பனி கப்சியூலின் தரமும் வேறுபடும் என்பதால் ஒரே தயாரிப்பைக் கடைசிவரை தொடர்வது நல்லது. இட்ராகோனசோலின் இரத்த அளவைப் பார்க்க வசதியிருந்தால் இரண்டாம் வாரத்தில் பார்க்க வேண்டும். வசதியில்லாத இடத்தில் ஒரு குறிப்பு: டக்ரோலிமஸ் ஏறவே இல்லையென்றால், இட்ராகோனசோல் உடலில் சேர்கிறதா, நோயாளி எடுக்கிறாரா என்று சந்தேகிக்க வேண்டும்.

அற்றோவஸ்ற்றற்றினுக்குப் பதில் ரொசுவஸ்ற்றற்றின் 5 மில்லிகிராம். சிம்வஸ்ற்றற்றின் என்றால் சேர்த்துக் கொடுப்பதே கூடாது, தசை கரைந்து அதுவே சிறுநீரகத்தை அடைக்கும். அம்லோடிப்பின் 5 ஆகக் குறைக்கப்பட்டது, அதன் அளவும் ஏறிக் கால் வீங்கும். அந்த வீக்கத்தை அலட்சியம் செய்யக்கூடாததற்கு இன்னொரு காரணம் உண்டு: இட்ராகோனசோல் இதயத்தின் சுருக்கவலுவைக் குறைக்கக்கூடியது. இதயத் தளர்ச்சி உள்ளவருக்கு இந்த நோய்க்காக அதைக் கொடுப்பதில்லை. எக்கோ (இதய ஸ்கான்) முதலிலேயே பார்க்கப்பட்டது, சரியாக இருந்தது. ஓங்காளத்துக்கு டொம்பெரிடோன் வேண்டாம். இதயத் துடிப்பு குழம்பும். பம்பளிமாஸ் பழமும் டக்ரோலிமஸை ஏற்றும், அதையும் விடச் சொல்லப்பட்டது.

மைக்கோபினோலேற் 750 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது, பிரெட்னிசொலோன் அப்படியே. நோய் ஓரிடத்தில் நின்று முழுதாக எடுக்கப்பட்டிருக்கையில் இதற்கு மேல் குறைத்துச் சிறுநீரக நிராகரிப்பை அழைக்க வேண்டியதில்லை. சீனியைக் கட்டுப்படுத்துவது நிராகரிப்பு ஆபத்து இல்லாமல் நிர்ப்பீடனத்தைத் தூக்கிவிடும் வழி. இன்சுலின் சரிசெய்து மூன்று மாதத்தில் எச்.பி.ஏ.1.சி. 7.2 ஆனது. ஈரல் பரிசோதனையும் பொட்டாசியமும் இரண்டாம் வாரம், பிறகு மாதந்தோறும். பொட்டாசியம் இரு பக்கமும் போகும்: டக்ரோலிமஸ் ஏற்றும், இட்ராகோனசோல் சிலரில் இறக்கி பிரஷரையும் கூட்டும்.

மருந்தை நிறுத்திய பின்

ஆறாம் மாத முடிவில் தழும்பு தட்டையாக, அடியில் தடிப்பில்லாமல் இருந்தது. இட்ராகோனசோல் நிறுத்தப்பட்டது. மருந்து முடிந்தது, நோய் மாறியது என்று கவனம் தளரும் நேரம் இது. ஆனால் நொதியம் விடுபட்டு டக்ரோலிமஸை மறுபடி வேகமாக உடைக்கத் தொடங்கும், அளவு விழும், நிராகரிப்பு வரலாம். நிறுத்திய அன்றே முழு அளவுக்கு ஏற்றினாலும் பிழை, ஏனென்றால் இட்ராகோனசோல் ஒரு வாரம் இரண்டு வாரம் உடலில் நிற்கும். நான்காம் நாள் இரத்தத்தில் டக்ரோலிமஸ் 5.6. எட்டாம் நாள் 3.4, டக்ரோலிமஸ் 2 மில்லிகிராமாக்கப்பட்டது. பதினான்காம் நாள் 4.3, பழைய 3 மில்லிகிராம். இருபத்தொன்றாம் நாள் 6.4, கிரியற்றினின் 116. அற்றோவஸ்ற்றற்றினும் அம்லோடிப்பினும் பழைய அளவுக்கு வந்தன. ஒமெப்பிரசோல் தேவையில்லையென்று திரும்பத் தொடங்கவில்லை.

கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் பங்கசின் பெயரும், இட்ராகோனசோல் எடுத்த காலத்தில் டக்ரோலிமஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டியிருந்தது என்பதும் எழுதப்பட்டன. மீண்டும் அசோல் மருந்து (இட்ராகோனசோல் குடும்பம்) தேவைப்பட்டால் எங்கே தொடங்குவதென்று அது சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வருடத்துக்குத் தழும்பையும் அதைச் சுற்றியும் விரலால் அமர்த்திப் பார்க்கத் திட்டம். வேலி அடைக்கும்போது தடித்த தோற்கையுறையும் முழுக்கைச் சட்டையும், தோட்டத்துக்கு மூடிய சப்பாத்தும். மட்டையோ முள்ளோ ஏறினால் வீட்டில் ஊசியால் கிளறாமல் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வைத்தியசாலைக்கு வந்து எடுப்பித்தல். அந்த இடத்தில் இரண்டு வாரத்துக்குப் பிறகும் தடிப்பு நின்றால், நொந்தாலும் நோகாவிட்டாலும், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் வந்து காட்டும்படி அவருக்கும் மனைவிக்கும் சொல்லப்பட்டது.